டெஸ்ட் டோஸிலேயே செத்தவன்

ஊசி போடுவதற்கு முன்னாலேயே செத்துப்போன ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் வீட்டுக்கு வந்தால் பார்க்கலாம். நான்தான். இந்தக் கதையை நானே சொல்லித் தொலைக்கிறேன். சொந்தக்காரர்கள் வாயால் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

நடவு முடிந்த வயலில் வெறுங்காலோடு இறங்கி ரீல்ஸ் எடுத்தேன். (பி.எஸ்ஸி. பயோகெமிஸ்ட்ரி படித்த விவசாயி மகன் என்று ஒரு பில்டப்.) நத்தை ஓடு குதிகாலைக் கிழித்தது. கண்டுகொள்ளவில்லை. லைக் வரவில்லை, சீழ்தான் வந்தது. கால் வீங்கி, சிவப்பு முழங்காலைப் பார்த்து ஏற, காய்ச்சலோடு ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள்.

"பாக்டீரியா நல்லா உள்ள போயிடுச்சு தம்பி. செஃபலோஸ்போரின் ஊசி இன்னைக்கே ஆரம்பிக்கணும். லேட் பண்ணுனா ரத்தத்துல கலந்துடும், காலுக்கே ஆபத்து" என்றார் டாக்டரம்மா.

சிஸ்டர் என் முன்கையில் துளியூண்டு மருந்தை ஏற்றி, அதைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டார்.

"இது டெஸ்ட் டோஸ். தடிக்குதான்னு பாத்துட்டுத்தான் முழு ஊசி. தொடாதீங்க, சொறியாதீங்க."

நான் தொடவில்லை. செல்போனில் அந்த மருந்தின் பக்கவிளைவுகளை வரி விடாமல் படித்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

கண் விழித்தபோது பேராவூரணி அத்தையும் அவர் மகன் கார்த்தியும் கட்டில் பக்கத்தில் இருந்தார்கள். சிஸ்டர் வந்து கையைப் பார்த்தார். வட்டத்துக்குள் செக்கச்செவேல் என்று தடிப்பு. எரிச்சல் வேறு.

"அய்யய்யோ, அலர்ஜி!" சிஸ்டர் டாக்டரைக் கூப்பிட ஓடினார்.

அவ்வளவுதான். படித்ததெல்லாம் வரிசையாக எனக்கு வந்தது. தொண்டை அடைத்தது. நாக்கு தடித்தது. (தடித்த மாதிரி இருந்தது.)

"மச்சான், மூச்சு முட்டுதுடா. இது அனாஃபிலாக்சிஸ்."

"அப்டின்னா?"

"சாவு."

"நல்லாத்தானடா பேசுற?"

"கடைசிப் பேச்சுடா இது. என் பைக்க நீயே எடுத்துக்க. சாவி அம்மாகிட்ட இருக்கு."

பக்கத்துக் கட்டில்காரர் இட்லியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். டாக்டரம்மா வந்து நாடி, பிரஷர், நெஞ்சு எல்லாம் பார்த்தார். "எல்லாம் சரியா இருக்கு. ஆனா கை இப்படி இருக்கே. இந்த ஊசிய போட முடியாதுன்னா தஞ்சாவூருக்குத்தான் அனுப்பணும். கால்ல சிவப்பு வேற ஏறிக்கிட்டே இருக்கு" என்று யோசித்தார்.

அத்தை ஓவென்று அழுதார். "என்ன பூச்சி கடிச்சுதோ! நான் சுண்ணாம்புகூட தடவுனேனே, அப்பவும் அமுங்கலையே!"

டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து கழற்றினார்.

"சுண்ணாம்பா?"

"ஆமாங்க டாக்டரம்மா. புள்ள தூங்குறான், கைல பூச்சிக்கடி. யாரோ புண்ணியவான் பேனாவுல அடையாளம் வேற போட்டு வச்சிருக்காங்க. வெத்தல போட வச்சிருந்த சுண்ணாம்ப எடுத்து நல்லா அழுத்தித் தேச்சேன். காஞ்சதும் முந்தானையால தொடச்சு விட்டேன்."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "இன்னும் மூச்சு முட்டுதா தம்பி?"

"இப்ப பரவால்லீங்க மேடம்."

அத்தையை வராந்தாவுக்கு அனுப்பிவிட்டு இன்னொரு கையில் டெஸ்ட் டோஸ் போட்டார்கள். தடிக்கவே இல்லை. ஊசி ஏறியது, சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. வீட்டுக்கு அனுப்பும்போது அதே வகை மாத்திரை கொடுத்து, "வீக்கம் வத்திடுச்சுன்னு பாதியில நிறுத்தாதீங்க" என்றார்கள். கடைசி மாத்திரைவரை விழுங்கினேன். கால் பிழைத்தது.

மானம்தான் பிழைக்கவில்லை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் யாராவது ஒருவர், "அவனுக்கு எடுத்த எடுப்புல பாயசம் ஊத்தாதீங்கப்பா, மொதல்ல கையில ஒரு சொட்டு வச்சுப் பாருங்க" என்கிறார். இலை இலையாகச் சிரிப்பு போகிறது. நானும் சிரித்து வைக்கிறேன். வேறென்ன செய்ய?

கார்த்தியிடம் பைக்கைக் கேட்டுப் பார்த்தேன். "சாவும்போது குடுத்தத திருப்பிக் கேக்கக் கூடாதுடா மாப்ள" என்கிறான்.

திருவிடைமருதூர் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டுதான் இதை டைப் செய்கிறேன். பஸ் இன்னும் வரவில்லை.