தாய்மாமன் கை என்றொரு சம்பிரதாயம்

சும்மா உட்காரத் தெரியாதவர்களுக்கு எந்த வைத்தியமும் பலிக்காது. நான் மாத்திரையை விழுங்கிவிட்டு மறு நிமிஷம் துணி துவைக்கப் போகிற ரகம். இது எனக்குப் புரிவதற்குள் ஒரு கல்யாணமே நாறியிருக்கும்.

தாராவியில் எங்கள் வீடு கீழே ஒரு அறை, மேலே ஒரு மாளா. மாளா என்றால் ஏணி வைத்து ஏறும் பரண்தான். அங்கேதான் என் தையல் மெஷின். பிளவுஸ் தைப்பது என் பிழைப்பு. அந்த வருஷம் கல்யாண சீசன் முழுக்க எனக்குத் தீராத அசதி. டாக்டர் ரத்தமெல்லாம் பார்த்துவிட்டு, "ஆராம் கரோ", ஓய்வெடு என்றார். (கல்யாண சீசனில் டெய்லருக்கு ஆராமா? அதுக்கு அவர் நிலாவுக்குப் போகச் சொல்லியிருக்கலாம்.)

மாட்டுங்காவிலிருந்து வரும் வாடிக்கைக்கார மாமி ஒருத்தர்தான், செம்பூரில் ஒரு ஹாலில் வண்ண ஒளி சிகிச்சை முகாம் நடக்கிறது என்று சொன்னார். வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு போனேன். ஜிப்பா போட்ட ஒருவர் கலர் கலரான கண்ணாடிகளை என் நெற்றிக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "உங்க உடம்புல சிவப்பு ரொம்பக் கம்மி. ஒரு சிவப்பு பல்பு வாங்கி மாட்டணும்" என்றார். அடுத்து என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "இவருக்குச் சிவப்பு ரொம்ப ஜாஸ்தி. கோபம் வருமே?"

"வராதுங்கேன்!" என்று இவர் கத்தினார். "எங்கிட்ட ஜாஸ்தியா இருக்கத இவளுக்குக் கொஞ்சம் மாத்திவிட முடியாதா? பல்பு வாங்கத செலவு மிச்சம்லா?"

ஜிப்பாக்காரர் சிரிக்கவில்லை. தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் நான் சிவப்பு விளக்கின் கீழே கண்ணை மூடி, ஒன்றுமே செய்யாமல் உட்கார வேண்டும் என்றார்.

ஒன்றுமே செய்யாமலா? பிளவுஸ்கள் குவிந்து கிடக்கும்போதா? என் மூளை அங்கேதான் வேலை செய்தது. சிவப்பு பல்பை வாங்கி நேராக மெஷினுக்கு மேலேயே மாட்டிவிட்டேன். டியூப்லைட்டை அணைத்தாயிற்று. வைத்தியமும் நடக்கும், தையலும் நடக்கும். ஒரு மணி நேரம் நல்லது என்றால் நாலு மணி நேரம் நாலு மடங்கு நல்லதுதானே? எதிர்வீட்டு பாபி எட்டிப் பார்த்து, "ஸ்டுடியோ கோலா க்யா?" என்று, போட்டோ ஸ்டுடியோ திறந்துவிட்டேனா என்று கேட்டார். நான் பெருமையாகச் சிரித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அசதிகூடக் கொஞ்சம் குறைந்த மாதிரிதான் இருந்தது.

அந்த வாரம்தான் நெருளிலிருந்து மதினி போன் செய்தார். மதினி என் வீட்டுக்காரருக்கு அக்கா; அவர் மகள் கவிதாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எனக்குப் புதிதாகக் கல்யாணமான சமயம் அவருக்கு ஒரு பிளவுஸை இறுக்கமாகத் தைத்துக் கொடுத்தேன். கோயிலில் கையைத் தூக்கிக் கும்பிட்டார், அக்குளில் பிரிந்துவிட்டது. அன்றிலிருந்து என்னிடம் ஒரு கைக்குட்டைகூடத் தைக்கக் கொடுத்ததில்லை. வீட்டுக்கு வந்தால் தம்பியிடம் பேசுவார், என்னிடம் தலையாட்டுவார், அவ்வளவுதான். அப்படிப்பட்டவர் சொன்னார்: "செல்வி, கவிதாவுக்கு முகூர்த்தப் பிளவுஸ் நீதாம் தைக்கணும். தாய்மாமன் பொண்டாட்டி நீ இருக்கயில நான் ஏன் வெளிய குடுக்கணும்?"

போனை வைத்துவிட்டு அழுதேன். இந்த ஒரு பிளவுஸ் மட்டும் சரியாக அமைந்துவிட்டால் போதும், எனக்கு மதினி திரும்பக் கிடைத்துவிடுவார் என்று நினைத்தேன். சாமி படத்தின் முன்னால் துணியை வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் வெட்டினேன். வெட்டியது, தைத்தது, கொக்கி வைத்தது, இஸ்திரி போட்டது, மடித்துக் கவரில் போட்டது எல்லாமே அந்தப் பல்பின் கீழே.

கல்யாணத்தன்று காலை நெருள் மண்டபத்தில், மணப்பெண் அறையில் கவரைப் பிரித்தார் மதினி. அதுவரை அவர் பிரித்தே பார்க்கவில்லையாம். "எதுக்குப் பாக்கணும்? செல்வி தச்சா சரியாத்தாம் இருக்கும்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாராம். (இதைக் கேட்டதும் நான் புடவையை இழுத்து விட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றேன், பாவி.)

பிளவுஸ் வெளியே வந்தது. உடம்பு குங்குமச் சிவப்பு. இடது கை குங்குமச் சிவப்பு. வலது கை பளீரென்று ஆரஞ்சு.

"மம்மி, யே க்யா ஹை?" என்றாள் கவிதா.

எனக்கு அந்த நொடியிலேயே விளங்கிவிட்டது. அதே சாயங்காலம் மாட்டுங்கா மாமியின் ஆரஞ்சுப் பட்டையும் வெட்டியிருந்தேன். இரண்டிலும் ஒரே மாதிரி ஜரிகை, கை மாறிப்போய்விட்டது. சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பையும் ஆரஞ்சையும் பெற்ற தாயால்கூடப் பிரித்துச் சொல்ல முடியாது. "மதினி... லைட்டு... உடம்புல சிவப்பு கம்மின்னு..." என்று நான் உளற, மதினி என்னைப் பார்த்த பார்வையில் மிச்சமிருந்த சிவப்பும் வடிந்துவிட்டது.

மாற்றித் தைக்க மெஷினும் இல்லை, நேரமும் இல்லை. அதையே கவிதாவுக்குப் போட்டுவிட்டு, முந்தானையை வலது தோள்வரை இழுத்துப் போர்த்திப் பார்த்தோம். குளிர் ஜுரக்காரி மாதிரி நின்றாள். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அத்தை உள்ளே நுழைந்தார். கோவண்டிக்காரர், தஞ்சாவூர் பக்கத்துச் சனம், எதையும் கேட்காமல் விடாதவர். முந்தானையை விலக்கினார். "என்னங்க இது, ஒரு கை ஆரஞ்சா இருக்கு?"

நான் குற்றத்தை ஒப்புக்கொள்ள வாயைத் திறந்தேன். மதினி என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"அதா? அது தாய்மாமன் கை" என்றார். "எங்க திருநவேலிப் பக்கம் முகூர்த்தப் பிளவுஸுக்கு ஒரு கைத்துணி தாய்மாமன் வீட்டுச் சீரா வரணும். வலது கைதாம். தாலி கட்டுத நேரம் மாமன் கைதாம் பிள்ளையத் தாங்கும்பாங்க. இந்தா நிக்காள்லா, எந்தம்பி பொண்டாட்டி. அவளே தச்சுக் கொண்டாந்திருக்கா."

தாய்மாமனான என் வீட்டுக்காரர் வாசலில் நின்று இதைக் கேட்டுத் திருதிருவென்று விழித்தார். அத்தையம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க பக்கத்துல இப்படியெல்லாம் இல்லையேங்க" என்று ஏங்கிப்போய், வெளியே நூறு பேரிடம் சொல்லிவிட்டார். போட்டோகிராபர் அந்தக் கையை மட்டும் தனியாகப் படம் எடுத்தார்.

சாப்பாட்டுப் பந்தியில் மதினி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்கத் திரும்பினால், வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். நானும் சிரித்தேன். இலையில் பாயசம் எந்தப் பக்கம் ஓடியது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. (மாட்டுங்கா மாமிக்குப் புதுத் துணி வாங்கித் தைத்துக் கொடுத்தேன். முகாமுக்கு வழி சொன்னவர் என்பதால் அவரும் ரொம்பப் பேசவில்லை.)

இந்த வருஷம் அந்தக் கோவண்டி அத்தை தன் மகள் கல்யாணத்துக்கு என்னிடமே துணியோடு வந்தார். "தாய்மாமன் கையை மறந்துடாதீங்க. எங்கண்ணன் தனியா பட்டு எடுத்துக் குடுத்திருக்காரு." அந்த அத்தையைப் பார்த்து எங்கள் சொந்தத்திலேயே நாலைந்து பேர் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். மனசு கேட்காமல் மதினிக்குப் போன் போட்டேன்: "மதினி, நெசத்தச் சொல்லிருவமா? பாவமா இருக்கு."

"என்னளா பாவம்? மாமங்காரன் சந்தோசமாத் துணி எடுத்துக் குடுத்திருக்கான், நீ போயி அது பல்பு செஞ்ச வேலன்னு சொல்லப் போறியா? பேசாமத் தையி. எம் பேத்திக்கும் நீதாம் தைக்கணும்."

கவிதாவுக்கு இன்னும் குழந்தையே பிறக்கவில்லை. ஆனாலும் நல்ல ஆரஞ்சுப் பட்டு கண்ணில் பட்டால், ஒரு கைக்கு வேண்டியதை வாங்கி வைத்துக்கொள்கிறேன்.