லைன்காரர் லீவில் இருக்கிறார்

மனித குலத்தில் ஓர் உட்பிரிவு உண்டு. அதற்கு 'நான் இல்லாவிட்டால் ஓடாது' என்று பெயர். பார்வைக்கு உங்களையும் என்னையும் போலத்தான் இருக்கும். இடுப்பில் ஒரு சாவிக்கொத்து, சட்டைப் பையில் இரண்டு பேனா, முகத்தில் காலையிலேயே போட்டுக்கொண்டு வந்துவிடுகிற ஒரு சலிப்பு, இவற்றை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம். லேசில் லீவு போடாது. போட்டாலும் போன இடத்தில் ஒழுங்காக உட்காராது. "அங்க என்ன ஆச்சோ, ஏது ஆச்சோ" என்று முனகிக்கொண்டே இருக்கும். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தால் முகம் சுருங்கிவிடும்.

இதெல்லாம் நான் எங்கோ படித்துத் தெரிந்துகொண்டதல்ல. இந்த இனத்தில் ஒருவருக்கு என் தங்கையைக் கட்டிக்கொடுத்திருக்கிறேன்.

மாப்பிள்ளைக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கிற வேலை. ஆஸ்பத்திரி ஊரின் இந்தக் கோடியில் இருக்கிறது, அதன் ரத்தப் பரிசோதனைக் கூடம் ஆற்றுக்கு அப்பால் அந்தக் கோடியில். இரண்டையும் இணைப்பது ஒரு ஐ.எஸ்.டி.என். லைன். லைனின் இரண்டு முனையிலும் ரூட்டர் என்று ஒரு கறுப்புப் பெட்டி. அந்தப் பெட்டியை வாங்க வைத்தவர், மாட்டியவர், அதற்கு விதி எழுதியவர், எழுதியதை ஒருத்தர் கண்ணிலும் காட்டாமல் காவல் காப்பவர், எல்லாம் அவர் ஒருவரே. ஆஸ்பத்திரியில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. லைன்காரர் என்றால் போதும்.

ஐ.எஸ்.டி.என். என்றால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறதா? அவரிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். நான் ஒரு கல்யாணத்தில், பந்திக்கு முன் கை கழுவப் போகிற வழியில், ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டுவைத்தேன்.

"மச்சான், நல்லா கேட்டுக்குங்க. சாதா போன்ல குரல் அலையா போகும். இதுல எல்லாமே எண்ணா மாறிப் போகும். ஒரே ஜோடிக் கம்பிதான், ஆனா உள்ள மூணு பாதை. ரெண்டு பெரிய பாதை. பேச்சோ, ரிப்போர்ட்டோ, சரக்கெல்லாம் அதுலதான். மூணாவது சின்னது. யார் யாரைக் கூப்பிடறது, எடுத்தாச்சா, வச்சாச்சா, அந்தப் பேச்சு மட்டும்தான் அதுல."

"அப்ப அது தரகர் மாதிரின்னு சொல்லுங்க."

"தரகரா? அதாங்க உயிரு! அது இல்லன்னா மத்த ரெண்டும் வெறும் கம்பி."

அப்புறம் ரூட்டருக்கு என்னென்ன சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஆரம்பித்தார். நம் தொலைபேசி நிலையம் எந்த வகை என்று சொல்ல வேண்டுமாம். எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும், எடுத்தவுடன் என்ன பெயரும் ரகசியச் சொல்லும் சொல்லித் தன்னை நிரூபிக்க வேண்டும் என்பதெல்லாம் சொல்ல வேண்டுமாம். எல்லாவற்றுக்கும் மேலாக, எதற்காகக் கூப்பிடலாம் என்று ஒரு விதி எழுத வேண்டுமாம். ஏனென்றால் இந்த லைன் நாள் முழுக்கத் திறந்தே கிடப்பதில்லை. கூப்பிடத் தகுந்த சேதி வந்தால்தான் ஆஸ்பத்திரிப் பக்கத்து ரூட்டர் போனைப் போடும்; அந்தக் கோடி ரூட்டர் எடுக்க மட்டும்தான் செய்யும். தகுதியில்லாத சேதிக்குப் போன் போடாது, ஆனால் லைன் ஏற்கெனவே எழுந்திருந்தால் அதுவும் கூடவே தொற்றிக்கொண்டு போய்விடலாம். தகுதியான சேதி கொஞ்ச நேரம் வரவில்லையென்றால் ரூட்டர் தானாகவே போனை வைத்துவிடும். 'எது தகுதி, எது தகுதியில்லை, அத முடிவு பண்றவன்தான் மச்சான் மனுஷன்' என்று அவர் முடித்தபோது மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் அன்று சாப்பிடவில்லை.

இந்த ஞானம் ஒருபுறம் இருக்க, ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரிந்த அதிசயம் ஒன்று உண்டு. லைன்காரர் வந்தால் லைன் ஓடும். லீவு போட்டால் லைன் படுத்துக்கொள்ளும். ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, போட்ட லீவெல்லாம் இதே கதைதான். உறவில் சாவு என்றாலும் சரி, பல்வலி என்றாலும் சரி, பாதியில் கூப்பிட்டு அனுப்புவார்கள். அவர் வருவார். வருகிற அழகைப் பார்க்க வேண்டுமே! தன் அறையைத் திறப்பார். கம்ப்யூட்டரின் மேலுறையை எடுத்து மடித்து வைப்பார், கம்ப்யூட்டரைப் போடுவார், ஒரு வாய் தண்ணீர் குடிப்பார். பிறகு எழுந்து ரூட்டர் இருக்கும் இடத்துக்குப் போய், சுற்றி நிற்பவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லி, "கை வச்சது யாரு?" என்று கேட்பார். யாரும் கை வைத்திருக்க மாட்டார்கள். எல்லோருக்கும் குற்ற உணர்ச்சி வந்துவிடும். இரண்டு வரி தட்டுவார், பெட்டியை முறைப்பார். விளக்கு பச்சையாகும். "லைன்ல ஒண்ணுமில்ல, அந்தப் பக்கம்தான் ஏதோ" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பார். கைராசி என்று டாக்டர்களே சொன்னார்கள். அவர் மறுக்கவில்லை. உள்ளூர அவரும் நம்பினார்.

இந்தச் செல்வாக்கில் அவர் ஆஸ்பத்திரிக்கே விதி போட ஆரம்பித்தார். ரத்த ரிப்போர்ட்டைப் போனில் வாய்வழியாக வாங்கக் கூடாது, காது தவறாகக் கேட்கும். பேக்ஸ் கூடாது, எழுத்து மங்கும். எல்லாம் லைன் வழியாகத்தான். பேக்ஸ் மெஷினை மாடிப்படிக்கு அடியில் தள்ளி, அதன்மேல் உடைந்த நாற்காலியைக் கவிழ்த்து வைத்தவரும் இவர்தான்.

இப்படியாக இருக்கையில் அவருக்கு வயிற்றுவலி வந்தது. லீவு போட முடியாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போனார். மறுநாள் காலையில் எழுந்திருக்கவே முடியாமல் போக, தங்கை எனக்குப் போன் செய்தாள். இரண்டு பேருமாக அவரை அவர் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே கொண்டுபோய்ச் சேர்த்தோம். டாக்டரம்மா வயிற்றை அழுத்தினார். மாப்பிள்ளை போட்ட சத்தத்தில் பக்கத்து வார்டில் விசாரித்தார்கள்.

"குடல்வால் வீங்கியிருக்கு. இன்னிக்கே எடுத்தாகணும். ரத்தம் பரிசோதனைக்குப் போயிருக்கு. ரிப்போர்ட் வந்ததும் ஆரம்பிச்சிடலாம்."

ரிப்போர்ட் வரவில்லை. லைன் படுத்துவிட்டது.

டாக்டரம்மா வந்து இதைச் சொன்னபோது மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். வலியில் கோணிக்கிடந்த முகம் மெல்ல நேரானது. கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

"பாத்தீங்களா மச்சான்? நான் படுத்தேன், அதுவும் படுத்துடுச்சு!"

"ஏங்க, அது படுத்தா இப்ப ஆபத்து உங்களுக்குத்தாங்க" என்றாள் தங்கை.

அந்தக் கோணத்தில் அவர் யோசித்திருக்கவில்லை.

"ரிப்போர்ட்ல என்ன இருக்குன்னு போன்ல கேட்டுக்கக் கூடாதா டாக்டர்?" என்றேன்.

"வாய்வழியா வாங்கக் கூடாதுன்னு விதி இருக்கு சார். உங்க மாப்பிள்ளை போட்டதுதான்."

"பேக்ஸ்?"

"அதுவும் அவர்தான்." டாக்டரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஆள் அனுப்பியிருக்கோம். பாலத்துல வேலை நடக்குது, எப்ப வந்து சேருவார்னு சொல்ல முடியாது. ரிப்போர்ட்ட என் கண்ணால பாக்காம நான் கத்தி எடுக்க மாட்டேன். குடல்வால் அதுவரைக்கும் தாங்கணும். வெடிச்சா கதை வேற."

தங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.  கேலி செய்வதற்கென்றே நான் வைத்திருந்த மனிதர்தான். ஆனால் அவர் கால் பக்கத்தில் நின்று பார்க்கையில், போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்தக் கட்டைவிரல்கூடப் பாவமாக இருந்தது.

படுக்கை அருகே போனைக் கொண்டுவந்து வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாக்கினார்கள். மறுமுனையில், கீழே ரூட்டரோடு சேர்ந்த கம்ப்யூட்டர் முன்னால் நோயாளிகளைப் பதிவு செய்யும் அக்கா உட்கார்ந்திருந்தார்.

"சார், உள்ள போக ரகசியச் சொல் கேக்குது."

மாப்பிள்ளை அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். சட்டையைக் கழற்றியாயிற்று, மோதிரத்தைக் கழற்றியாயிற்று, மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். தங்கையைக் கிட்டே கூப்பிட்டுக் காதில் சொன்னார். தங்கை நிமிர்ந்தாள்.

"உங்க பேரு. பின்னால ஒரு ஒண்ணு. இதையா இத்தனை வருஷமா பொத்திப் பொத்தி வச்சீங்க?"

உள்ளே போயாயிற்று. அக்கா ஒவ்வொரு வரியாகப் படிக்க, மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நிலையத்தின் வகை சரி. சின்னப் பாதை உயிரோடிருக்கிறது. கூப்பிட வேண்டிய எண் சரி. பெயரும் சொல்லும் சரி.

"அப்ப அந்தப் பக்கம்தான்!" என்றார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"இன்னும் ஒரு விதி இருக்கு சார். எதுக்குக் கூப்பிடலாம்னு. அதுல ஒரே ஒரு கம்ப்யூட்டரோட எண்தான் போட்டிருக்கு. இந்த எண்லேருந்து வந்தா கூப்பிடலாம், மத்த எல்லாத்துக்கும் கூடாது. இது யாரோட கம்ப்யூட்டர் சார்?"

மாப்பிள்ளை கண்ணைத் திறந்தார். 

"சார்? லைன்ல இருக்கீங்களா? யாரோடது இது?"

கல்யாண மண்டபத்தில் நான் பட்டினி கிடந்து பெற்ற கல்வி வீண் போகவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. லைன் போட்ட புதிதில், சோதனைக்காகத் தன் கம்ப்யூட்டர் ஒன்றை மட்டும் தகுதியுள்ளதாக எழுதியிருக்கிறார். சோதனை முடிந்தது, விதி அப்படியே நின்றுவிட்டது. அவர் அறையில் இருக்கிற கம்ப்யூட்டர் தபால் வந்ததா என்று நிமிடத்துக்கு நிமிடம் அந்தக் கோடியை விசாரித்துக்கொண்டே இருக்கும். அதனால் லைன் தூங்காது, மற்றவர்களின் ரிப்போர்ட்டெல்லாம் அதில் தொற்றிக்கொண்டு போய் வரும். சாயங்காலம் பரிசோதனைக் கூடம் மூடியதும் அவர் கம்ப்யூட்டரை அணைத்து, உறை போட்டு, அறையைப் பூட்டிவிடுவார்; மறுநாள் அவர் லீவு என்றால் அதைப் போட ஆளில்லை. அப்புறம் ஆஸ்பத்திரியே கத்தினாலும் ரூட்டருக்குக் காது கேட்காது. கைராசியாம்!

அவருக்கும் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் ஆபரேஷன். ஆனால் திறந்தால் மானம் போகும். உள்ளே குடல்வால் விம்மிக்கொண்டிருக்க, அந்த மனிதர் மேலே விட்டத்தைப் பார்த்து யோசித்தார். ஆமாம், யோசித்தார்!

தங்கைக்குப் பொறுக்கவில்லை. "சொல்லித் தொலைங்களேன்! உங்க லைன் எனக்கு வேணாம், நீங்க எனக்கு வேணுங்க!" என்று அழுதுவிட்டாள்.

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "அது வந்து… பாதுகாப்புக்காக ஒரு விசேஷ ஏற்பாடு பண்ணி வச்சிருந்தேன். மச்சான், என் பேன்ட்ல சாவி இருக்கு. போய் என் ரூம் கம்ப்யூட்டரைப் போடுங்க. வேற எதுலயும் கை வைக்காதீங்க."

ஓடினேன். அந்தச் சாவிக்கொத்தில் எது எதற்கென்று அவருக்கு மட்டும்தான் தெரியும். கடைசிச் சாவியில் கதவு திறந்தது. உறையை உருவிக் கீழே போட்டேன், பொத்தானை அழுத்தினேன். கம்ப்யூட்டர் முனகி எழுந்து தன் வழக்கமான விசாரிப்பைத் தொடங்கியது. பக்கத்து அறையிலிருந்து அக்கா, "பச்சை! பச்சை வந்துடுச்சு!" என்று கூவினார். ஐ.எஸ்.டி.என். லைனை எழுப்பத் தெரிந்தவர்கள் அந்த ஊரில் அதுவரை ஒருவர்தான். இரண்டாவது ஆள் நான். பெட்டியை முறைக்கக்கூட இல்லை.

நான் மேலே வந்தபோது டாக்டரம்மா கையில் ரிப்போர்ட் இருந்தது. படுக்கையைத் தள்ளச் சொன்னவர், கதவருகே கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஒரு நிமிஷம். நாளைக்கு வேற யாராவது இந்தக் கட்டில்ல இருப்பாங்க. அந்த விதியை இப்பவே மாத்துங்க. நீங்க சொல்லுங்க, அக்கா தட்டட்டும்."

அறுக்கப்போகிறவர் சொன்னால் மறுக்க முடியுமா? ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்கள் எல்லாமே கூப்பிடத் தகுந்தவைதான் என்று மாப்பிள்ளை ஒரே ஒரு வரியைச் சொன்னார். குடல்வாலைப் பிறகுதான் எடுத்தார்கள். அவருக்கு வலித்தது அப்போதே என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தங்கை அன்றைக்குத்தான் சிரித்தாள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மாப்பிள்ளை, "படுத்த படுக்கையிலயே சரி பண்ணேன்ல?" என்று காயத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னார். எல்லாம் வீடு திரும்பும் வரைதான். நீண்ட ஓய்வு என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். தினமும் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போன் போடுவார்.

"லைன் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு சார். நீங்க ரெஸ்ட் எடுங்க."

மத்தியானம் மறுபடியும் போடுவார். நல்லாத்தான் இருக்கு சார். சாப்பாடு குறைந்தது. சுவரைப் பார்த்துப் படுக்க ஆரம்பித்தார். காயம் ஆறிவிட்டது, ஆள்தான் தேறவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் தங்கை ஒருநாள் அவர் தூங்கும்போது பதிவு அக்காவுக்குப் போன் செய்து ஏதோ கெஞ்சினாள்.

மறுநாள் காலையில் போன் ஆஸ்பத்திரியிலிருந்தே வந்தது. "சார், லைன் லேசா படுத்துடுச்சு. நீங்க முன்னாடி சொல்லிக்குடுத்த மாதிரியே செஞ்சு பாத்தோம், எழுந்துடுச்சு. இருந்தாலும் நீங்க இல்லாம ரொம்பக் கஷ்டமா இருக்கு சார்."

"நான்தான் சொன்னேனே!" என்று எழுந்து உட்கார்ந்தார். "ஒரு மனுஷன நிம்மதியா படுக்க விட மாட்டேங்கறாங்க பாரு." அன்று இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். போன தடவை நீங்கள் லீவு போட்டபோது உங்களுக்கும் அலுவலகத்திலிருந்து ஒரு போன் வந்ததல்லவா? வீட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி சலித்துக்கொண்டு, இரண்டாவது மணி அடிப்பதற்குள் பாய்ந்து எடுத்தீர்களே, அந்தப் போன்தான். நீங்கள் இல்லாமல் ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது என்று சொன்னார்கள். உங்களுக்கும் அன்று நன்றாகப் பசித்தது. அதற்கு முந்தின நாள் உங்கள் வீட்டிலிருந்து யார் அங்கே பேசினார்கள் என்று மட்டும் தயவுசெய்து விசாரிக்காதீர்கள்.