நுரை பொங்கிய சோபா

நாய் பங்கர் இன்று வாசலுக்கு ஓடி வரவில்லை. ஷிப்ட் முடிந்து வந்த அறிவழகன் செருப்பைக் கழற்றும்போதே வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது என்று புரிந்துகொண்டான். பெயர் சொல்லிக் கூப்பிட்டான். கட்டிலுக்கு அடியில் வால் நுனி மட்டும் தெரிந்தது. அது மன்னிப்புக் கேட்பதுபோல் தரையை மெல்லத் தட்டியது.

ஹாலுக்கு வந்தவன் அப்படியே நின்றான். புது லெதர் சோபாவின் நடு இருக்கையில் தோசைக்கல் அகலத்துக்கு ஈரம்.

"அடப்பாவி! இவ்ளோ பெரிய டவுன்ஷிப்ல உனக்கு வேற எடமே கெடைக்கலியா?"

வால் தட்டுவதை நிறுத்திக்கொண்டது.

எவ்வளவு கொட்டினாலும் நிறையாத வயிறு என்பதால், மின் நிலையத்தில் நிலக்கரியைக் கொட்டி வைக்கும் பங்கரின் பெயரையே நாய்க்கு வைத்திருந்தான். அந்த நாயில்லாமல் அவனுக்குச் சோறு இறங்காது. ஆனால் சோபா வந்திறங்கிய அன்று, மச்சான் அருண்ராஜ் முன்னால் வாயை விட்டிருந்தான்.

"நாய் இதுமேல ஏறுச்சின்னா என்ன மாமா பண்ணுவீங்க?" என்று அருண்ராஜ் கேட்டான். குள்ளஞ்சாவடியில் அவனுக்கு முந்திரித் தோப்பு. காவலுக்கு நாய் தேடிக்கொண்டிருந்தான்.

"அன்னைக்கே கொண்டாந்து உன் தோப்புல கட்டிட்டு வந்துடுவேன்!"

"சொன்ன சொல்லு மாறக் கூடாது, ஆமா," என்றாள் மனைவி மலர்கொடி. அந்த 'ஆமா'தான் இப்போது அவன் காதில் கேட்டது.

மலர்கொடி நர்ஸ். இந்த வாரம் அவனுக்கு முதல் ஷிப்ட், அவளுக்கு இரண்டாவது. அவன் வரும் நேரத்துக்கு அவள் பஸ் ஏறியிருப்பாள். அவள் திரும்பி வருவதற்குள் தடயத்தை அழித்தாக வேண்டும்.

ஈரத்துணியை எடுத்தான். லெதர் என்பது தோல். பதப்படுத்தி, சாயம் ஏற்றி, மேலே பூச்சுக் கொடுத்தாலும் தோலுக்குத் துளை உண்டு, அது குடிக்கும். கறையை ஒற்றி எடுத்தால் துணி குடிக்கும். தேய்த்தால் சோபா குடிக்கும்.

அறிவழகன் தேய்த்தான்.

தோசைக்கல் தாம்பாளம் ஆயிற்று. நாற்றம் வேறு கிளம்பியது. பிளாக் முனையிலிருந்த மொய்னுதீன் கடைக்கு ஓடினான்.

"பாய், வினிகர் ஒரு பாட்டில்."

"என்ன சார், வூட்ல ஊறுகாயா?"

"ஆமா ஆமா, ஊறுகாதான்."

அவன் வேலை பார்ப்பது மின் நிலையத்தின் தண்ணீர் சுத்திகரிப்புப் பிரிவில். பாய்லருக்குப் போகும் தண்ணீரில் காரம் ஏறினால் அமிலம், அமிலம் ஏறினால் காரம். அதே கணக்கை இங்கேயும் போட்டான். மூத்திரம் நாள்பட்டால் காரம், வினிகர் அமிலம், இரண்டும் ஒன்றையொன்று அடக்கிவிடும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, இந்த முறை ஒற்றினான். நாற்றம் அடங்கியது. ஈரத்தை மறைக்க மேலே ஒரு பெட்ஷீட்டைப் போட்டான்.

மலர்கொடி வந்ததும் அதைத்தான் முதலில் பார்த்தாள். "இது எதுக்குங்க?"

"கரித்தூசி பறக்குது மலரு. சோபா வீணாப் போயிடும்ல?"

"அதுவும் சரிதான். அங்கயே கெடக்கட்டும்," என்றாள். அறிவழகன் தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டான்.

மறுநாள் வேலையிலிருந்து வந்து பார்த்தால், பெட்ஷீட் அவன் போட்டபடி இல்லை. மூலைகள் மடிக்கப்பட்டு, ஆஸ்பத்திரிக் கட்டில்போல் இறுக்கமாகச் செருகப்பட்டிருந்தது. கறையைப் பார்த்துவிட்டாளோ? யோசித்தான். பார்த்திருந்தால் வீடு இரண்டாகியிருக்கும். இரண்டாகவில்லை. ஆகவே பார்க்கவில்லை. நர்ஸ் கை, துணியைக் கண்டால் மடிக்கிறது, அவ்வளவுதான்.

பெட்ஷீட்டைத் தூக்கினான். கறையைச் சுற்றி வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது.

சட்டைப்பையில் கிடந்த சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்து வைத்தான். நீலமாயிற்று. காரம்! நேற்றுத்தானே வினிகர் ஊற்றினான்? அப்படியானால் நாய் மறுபடியும் போயிருக்கிறது. மீதி வினிகரை அப்படியே கவிழ்த்தான்.

சோபா 'சொய்ங்' என்றது. வெள்ளை நுரை பொங்கி, இருக்கை ஓரமாக வழிந்தது. பங்கர் ஒரு குரைப்புக் குரைத்துவிட்டுக் குளியலறைக்குள் ஓடியது.

அறிவழகன் கூட வேலை பார்க்கும் தமிழ்மாறனுக்கு போன் போட்டான். "டேய், நாய் மூத்திரம் போன சோபா நுரைக்குதுடா!"

"நீ வச்சிருக்கிறது நாயா, ஆசிட் டேங்கா?"

"வெளையாடாத. வினிகர் பட்டா எதெல்லாம்டா நுரைக்கும்?"

"சுண்ணாம்புக் கல்லு நுரைக்கும்."

கல்! அறிவழகனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பங்கருக்குக் கிட்னியில் கல். அது கரைந்து மூத்திரத்தில் வருகிறது. பாவம், வலி தாங்காமல்தான் சோபாவில் போயிருக்கிறது. இதைப் போய்த் திட்டினோமே என்று கண் கலங்கியது. கிட்னிக் கல்லுக்கு வாழைத்தண்டுச் சாறு என்பது ஊருக்கே தெரியும். எலும்பு சூப்பில் கலந்து வைத்தான். பங்கர் சட்டியை நக்கிக் கவிழ்த்தது.

அதற்குள் ஈரத்தைக் காயவைக்க மலர்கொடியின் ஹேர் டிரையரை எடுத்தான். தோலின் இழைகளுக்கு நடுவே எண்ணெய்ப் பசை இருக்கிறது. அதனால்தான் லெதர் மெத்தென்று வளைகிறது. சூடு பட்டால் அந்தப் பசை போய்விடும். இருக்கை அப்பளம்போல் விறைத்தது. பசையைத் திருப்பிக் கொடுக்கத் தேங்காய் எண்ணெய் தடவினான். இருக்கை கறுத்தது. கறுப்பை மறைக்க பிரவுன் ஷூ பாலிஷ் போட்டான். இப்போது சோபாவின் நடுவில் ஒரு பெரிய ஷூ உட்கார்ந்திருப்பது போலிருந்தது.

வாழைத்தண்டு தன் வேலையைச் செவ்வனே செய்யும். மூத்திரத்தைப் பெருக்கி, கல்லைத் தள்ளுவதுதான் அதன் வழி. தள்ளுவதற்குக் கல் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, பெருக்குவது பெருக்குவதுதான். பங்கர் கதவு வரை ஓடிப் பார்த்தது, முடியவில்லை. திரும்பி ஓடி வந்து சோபாவில் தாவி, அறிவழகனின் கண்ணையே பார்த்துக்கொண்டு, இடது இருக்கையில் நிதானமாகப் போயிற்று.

"போடா ராஜா, போ. கல்லு வெளிய வந்தாச் சரி," என்றான் அறிவழகன், அழாத குறையாக. ஒற்றித் துடைத்துவிட்டு, பெட்ஷீட்டை மறுபடியும் இழுத்து மூடினான்.

அன்று மலர்கொடி வந்தபோது அவள் முகமே சரியில்லை. சோபா பக்கம் அவள் திரும்பவேயில்லை.

"ஏங்க, நாளைக்கு அருண்ராஜ் வர்றானாம்."

"எதுக்காம்?"

"சும்மாத்தான். தோப்புக்கு இன்னும் நாய் கெடைக்கலன்னு பொலம்பிக்கினே இருந்தான்."

அறிவழகனுக்கு அது தீர்ப்பு வாசிப்பதுபோல் கேட்டது. வெயிலில், முந்திரி மரத்தில் கட்டிய சங்கிலியின் முனையில், கிட்னிக் கல்லோடு பங்கர் நிற்பதை நினைத்தான். அதன் தலையைத் தடவப் போனால், மலர்கொடியும் அதே நேரத்தில் கை நீட்டினாள். இருவரும் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் அவனுக்கு லீவு. மலர்கொடி குளிக்கப் போனதும் மொய்னுதீன் கடைக்கு ஓடினான்.

"பாய், வினிகர் பெருசா ரெண்டு. வாழைத்தண்டும் ஒண்ணு வெட்டுங்க."

"என்ன சார், எவ்ளோ ஊறுகாதான் போடுவீங்க?"

அறிவழகனால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. "ஊறுகாயும் இல்ல ஒண்ணும் இல்ல பாய். நம்ம பங்கருக்குக் கிட்னியில கல்லு. சோபாவுல போயிடுச்சி. நேத்து ஷிப்ட் முடிஞ்சி வந்து பாத்தா வெள்ளையாப் பூத்துக் கெடக்கு, வினிகர் பட்டா நுரையா பொங்குது. இன்னைக்கு மச்சான் வர்றான். மலருக்குத் தெரிஞ்சா நாயை அவன்கூட அனுப்பிடுவா பாய்."

மொய்னுதீன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"கல்லும் இல்ல மண்ணும் இல்ல சார், அது ஆப்ப சோடா! நேத்து நீங்க ஷிப்டுக்குப் போனதும் அக்கா வந்து வாங்கிக்கினு போய் அந்தக் கறைமேல கொட்டியிருக்காங்க — 'அவருக்குத் தெரிஞ்சா சொன்ன சொல்லு மாறாம நாயைக் கொண்டுபோய்த் தோப்புல கட்டிடுவாரு, வாயத் தொறந்துடாதீங்க பாய்'னு என் கையப் புடிச்சிக்கினு அழுதாங்க!"