முன்னேற்றம் ஒன்றேகால் கிலோ

முன்னேறுவது என்று நான் முடிவு பண்ணியது ஒரு திங்கட்கிழமை காலை ஏழேகால் மணிக்கு. மேஸ்திரி போன் பண்ணி, "எங்கப்பா இருக்கே? பள்ளம் வெட்டி ரெடியா இருக்கு. வந்து இறங்கு" என்றார். முப்பத்தோரு வருஷமாக அவர் பள்ளம் வெட்டச் சொல்வார், நான் இறங்குவேன். ஒரு மாறுதலுக்குக்கூட அவர் இறங்கியதில்லை. இனி நமக்கு இறக்கம் கிடையாது, ஏற்றம்தான் என்று மனசுக்குள் ஒரு சபதம் போட்டேன். போட்டுவிட்டு, போய் இறங்கினேன். பைப் காத்துக்கொண்டிருந்ததே.

நான் குழாய் வேலைக்காரன். படிப்பு நாலாம் வகுப்பு, அதிலும் பாதி வருஷம் அம்மை போட்டு வீட்டில் கிடந்தேன். எழுத்துக் கூட்டி வாசிப்பேன். அப்படிப்பட்டவன் முன்னேற என்ன வழி? சாயங்காலம் பழைய பேப்பர் கடைக்குப் போனேன். 'வெற்றி', 'சாதனை', 'உன்னால் முடியும்' என்று அட்டை போட்ட புத்தகங்கள் ஒரு மூலையில் கட்டுக் கட்டாகக் கிடந்தன. எடை போட்டுத்தான் கொடுப்பார்கள். அஞ்சு புத்தகம், ஒன்றேகால் கிலோ.

"இன்னொண்ணு வெச்சா சரியா ஒன்றரை வரும்" என்றார் கடைக்காரர்.

முதல் தடவையே ரொம்ப முன்னேறிவிட வேண்டாம் என்று ஒன்றேகாலோடு நிறுத்திக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து புரட்டிப் பார்த்தால், அஞ்சிலும் முதல் இருபது பக்கம் விரல் பட்டுக் கறுத்திருந்தது. அதற்கப்புறம் தாள் ஒட்டிக்கொண்டு புத்தம்புதுசாக இருந்தது. இருபது பக்கத்திலேயே எல்லாரும் முன்னேறிப் போய்விட்டார்கள் போலிருக்கிறது, என்ன சக்தி பாருங்கள் என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

என் சம்சாரம் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"முன்னேற்றம்."

"ஓ. அட்டையில மலை உச்சியில நிக்கிறாரே, அவரு யாரு?"

"ஜெயிச்சவரு."

"கோட்டு சூட்டு போட்டுக்கிட்டா மலை ஏறினாரு?"

"அது ஒரு இதுக்காகப் போட்டிருக்காங்க."

"வேர்க்காது?"

"ஜெயிக்கிறவங்களுக்கு வேர்க்காது."

"அப்ப ஜெயிக்கிறது சுலபந்தான். சமையலறைக் குழாய் ஒழுகுது, அதுக்கும் வேர்க்காது. பாக்கறீங்களா?"

அந்தக் குழாய் ஒழுகுவது ஒன்றரை வருஷமாக. குழாய்க்காரன் வீட்டுக் குழாய் ஒழுகாமல் வேறு யார் வீட்டுக் குழாய் ஒழுகும். "பாக்கறேன்" என்றேன். இந்த வார்த்தையை நான் சொன்னால் அதற்கு மேல் அவள் கேட்க மாட்டாள். உள்ளே போய்க் குழாய்க்கு அடியில் பாத்திரத்தை மாற்றி வைத்த சத்தம் கேட்டது.

மறுநாளே அதிர்ஷ்டம் கதவைத் தட்டியது. எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே நாலு மாடிக் கட்டடம், இருபத்துநாலு குடித்தனம். கட்டடத்தின் செக்ரட்டரி கேட்டில் ஒரு தாளை ஒட்டியிருந்தார். கட்டடத்துக்கு நிரந்தரமாக ஒரு குழாய் வேலைக்காரர் தேவை. மாசச் சம்பளம். சாமான் வைத்துக்கொள்ள ஃபேன் போட்ட தனி அறை. ஒரே நிபந்தனை. நாலாவது மாடிக்கு ரெண்டு மாசமாகத் தண்ணீர் வரவில்லை. சனிக்கிழமை மத்தியானத்துக்குள் யார் வரவழைக்கிறாரோ அவருக்கு வேலை.

ஏற்கெனவே மூணு பேர் வந்து, சுவரைக் கொத்தி, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். நான் ரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்தேன். ரெண்டே நிமிஷம். கோளாறு எங்கே என்று பிடிபட்டுவிட்டது. இதில் மட்டும் நான் உங்களிடம் அளக்கவில்லை. குழாய் என்னிடம் பேசும். பதிலுக்குப் பேசுவதில்தான் எனக்குத் தாமதம்.

மேஸ்திரியின் பள்ளத்திலிருந்து ஒரேயடியாகக் கரையேற இதைவிட்டால் வேறு சந்தர்ப்பம் வராது. வீட்டுக்கு ஓடிப் போய்ச் சொன்னேன்.

"அப்பப் போங்க. பையை எடுத்துத் தரட்டுமா?"

"அவசரப்படாதே. பச்சை அட்டைப் புத்தகத்துல என்ன போட்டிருக்கு தெரியுமா? ஆயத்தம் இல்லாதவன் களத்தில் கால் வைக்கக் கூடாது."

"முப்பத்தோரு வருஷம் ஆயத்தம் பண்ணியிருக்கீங்களே."

"அது கைக்கு. இது மனசுக்கு. வெள்ளிக்கிழமை வரைக்கும் படிக்கிறேன். சனிக்கிழமை பத்து மணிக்குப் போறேன். பன்னெண்டு மணிக்கு வேலை நம்ம கையில."

"அதுக்குள்ள வேற யாராவது பண்ணிட்டா?"

"எவனுக்கும் தெரியாது. எனக்கு மட்டுந்தான் தெரியும்."

"அப்ப சரி" என்றாள். அவள் இவ்வளவு சீக்கிரம் 'அப்ப சரி' சொன்னபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். நான் முப்பத்தெட்டாம் பக்கத்தில் மும்முரமாக இருந்தேன்.

மேஸ்திரியிடம் முதுகு பிடித்துக்கொண்டது என்று சொல்லிவிட்டேன். ஒரு நோட்டு வாங்கி, கோடு கிழித்து, கட்டம் போட்டு, இலட்சியம் ஒன்று, இலட்சியம் ரெண்டு என்று எழுதினேன். கட்டம் கோணலாக வந்துவிட்டது, மறுபடி கிழித்தேன். புதன்கிழமை மத்தியானம் வரைக்கும் கட்டம் போடுவதே சரியாக இருந்தது.

அப்போதுதான் பக்கத்து வீட்டு இஸ்திரிக்காரத் தங்கச்சி வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, எங்க வீட்டுத் தொட்டி அடைச்சுக்கிச்சு. ஒரு எட்டு வந்து பாருங்களேன்."

"படிச்சுக்கிட்டிருக்கேன் தங்கச்சி."

"என்ன படிக்கறீங்க?"

"காரியத்தைத் தள்ளிப் போடாம இருக்கறது எப்படி."

"படிச்சிட்டு வாங்களேன்."

"இன்னும் நூத்திப்பத்துப் பக்கம் இருக்கு."

"தண்ணி வாசப்படிக்கு வந்திருச்சு அண்ணே."

நல்ல வேளையாக, முந்தின ராத்திரிதான் நீல அட்டையில் ஒரு அருமையான அத்தியாயம் வாசித்திருந்தேன். பெரிய காரியம் செய்கிறவன் சின்னக் காரியங்களைப் பிறர் கையில் ஒப்படைக்க வேண்டுமாம். நான் சம்சாரத்துக்குக் குரல் கொடுத்தேன். "இந்தா, பையை எடுத்துக்கிட்டுப் போய் அந்தத் தொட்டியைப் பாரு."

இருபத்தேழு வருஷமாக நான் வீட்டில் எதைப் பிரித்தாலும் பக்கத்தில் நின்று சாமான் எடுத்துக் கொடுத்தவள் அவள். அரை இஞ்சு வாஷரையும் முக்கால் இஞ்சு வாஷரையும் கண்ணை மூடிக்கொண்டு தடவிச் சொல்வாள். முந்தானையைச் செருகிக்கொண்டு போனாள். முக்கால் மணியில் திரும்பினாள். பின்னாலேயே தங்கச்சியின் குரலும் வந்தது. "அண்ணி கை பட்டதும் சர்ருன்னு இறங்கிடுச்சு."

அன்றைக்குச் சாயங்காலம் ஒரு வீடு, வியாழக்கிழமை ரெண்டு வீடு. எல்லாவற்றுக்கும் அவளையே அனுப்பினேன். அதில் ஒன்று எதிர்க் கட்டடத்தில், செக்ரட்டரி வீட்டு சிங்க். ஒப்படைப்பதில் நான் அவ்வளவு கெட்டிக்காரனாகிவிட்டேன். நடுவில் எங்கள் வீட்டுக் குழாய்கூட ஒழுகுவதை நிறுத்திவிட்டது. புத்தகத்தின் மகிமை என்று எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் டீ கொண்டுவந்தவள் டம்ளரைக் கொடுத்துவிட்டுப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, ஒண்ணு கேக்கறேன். மூணு பேரு சுவரைக் கொத்தியும் கண்டுபிடிக்க முடியலை. நீங்க ரோட்டுல நின்னே கண்டுபிடிச்சிட்டீங்க. அது எப்படிங்க?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை இப்படிக் கேட்டதில்லை. டீ நெஞ்சுக்குள் இனித்தது.

"குழாயில தண்ணி மட்டுமா போகுது? காத்தும் போகும். மாடித் தொட்டியில இருந்து இறங்கற குழாய்க்கு மேல, ஒரு குட்டிக் குழாய் வானத்தைப் பாத்து நிக்கும், பாத்திருக்கியா?"

"அந்த வளைஞ்ச மூக்கு மாதிரி?"

"அதேதான். காத்து போக வர அதுதான் வழி. அதை அடைச்சா உள்ள காத்து மாட்டிக்கும். தண்ணி இறங்காது. தொட்டிக்குப் பக்கத்துல இருக்கறதாலே நாலாவது மாடியிலதான் தண்ணிக்குத் தள்ற வேகம் கம்மி. அதனால அங்கதான் முதல்ல நிக்கும். குளவி கூடு கட்டியிருக்கு, மண்ணு ரோட்டுல இருந்தே தெரியுது."

"அதுக்குச் சுவரை இடிக்கணுமா?"

"எதுக்கு இடிக்கணும்? ஒரு கம்பியை விட்டுக் குத்தினா மண்ணு உதிரும். அப்புறம் நாலாவது மாடியில ஒரு குழாயைத் திறந்து விட்டுட்டுக் காத்திருக்கணும். புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்து வரும். பயப்படக் கூடாது. பின்னாலேயே தண்ணி வரும். பத்து நிமிஷ வேலை."

"எங்க, ஒரு படம் போட்டுக் காட்டுங்க."

நோட்டில் இலட்சியம் ரெண்டுக்குப் பின்பக்கம் படமே போட்டுக் காட்டினேன். குளவிக்குக் கொடுக்குகூட வரைந்தேன்.

"மூளைன்னா மூளைங்க" என்றாள். டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது தாளையும் கொண்டுபோனாள், பத்திரமாக எடுத்து வைக்கிறாளாம்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குச் 'செத்த கடைக்குப் போயிட்டு வரேன்' என்று கிளம்பினாள். நான் கடைசிப் புத்தகத்தில் இருந்தேன். அதில் மிக முக்கியமான பயிற்சி. கண்ணை மூடி, நீ ஜெயித்துவிட்டதாக மனக்கண்ணில் பார்.

மூடினேன். ஆரம்பத்தில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் எங்கோ உயரத்தில் புஸ்ஸு புஸ்ஸென்று காற்று சீறுவது கேட்டது. அப்புறம் தடதடவென்று தண்ணீர் கொட்டுகிற சத்தம். ஒரு பெண்பிள்ளை, "வந்திருச்சு, தண்ணி வந்திருச்சு" என்று கூவினாள். ஜன்னல்கள் திறந்தன. நாலு மாடியும் கைதட்டியது. யாரோ விசில்கூட அடித்தார்கள். அடடா, கற்பனை செய்தால் இவ்வளவு துல்லியமாகக் காதிலேயே விழுமா என்று எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கண்ணைத் திறந்தால் கலைந்துவிடுமே என்று இன்னும் இறுக்கி மூடிக்கொண்டேன்.

சனிக்கிழமை முகம் மழித்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, சரியாகப் பத்து மணிக்கு எதிர்க் கட்டடத்துக்குப் போனேன். செக்ரட்டரி நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு மாதிரி ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நான் மூணு நாளாகக் கண்ணாடி முன்னால் பழகிய பேச்சை எடுத்துவிட்டேன்.

"ஐயா, என்னால் முடியும் என்று நான் நம்புகிறேன்."

"எது பெரியவரே?"

"நாலாவது மாடித் தண்ணி."

"அது நேத்தே வந்திருச்சே. ஆளும் போட்டாச்சு."

எனக்குக் காலடியில் பள்ளம் வெட்டினது போலிருந்தது. "யாரைங்க?"

"எதிர்வீட்டம்மாவை. கையில ஒரு படம் வெச்சிருந்தாங்க. கம்பியை விட்டு ஒரு குத்து, அவ்வளவுதான். குளவி கொட்டியும் அசரலை."

"எதிர்வீடு எங்க வீடுங்க. அது என் சம்சாரம்."

செக்ரட்டரி கண்ணாடியை இறக்கி என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்படியா? வீட்டுல ஒருத்தர் படிச்சுக்கிட்டிருக்காரு, தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு சொன்னாங்க. நான் அவங்க பையன்னு நினைச்சேன். எந்தப் பரீட்சை எழுதறீங்க?"

வந்த வேகத்தில் வீட்டுக்குத் திரும்பினேன். அவள் புறங்கையில் குளவி கொட்டின வீக்கத்துக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் என் கோபம் பாதியாகிவிட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு சண்டை போட்டேன்.

"என் யோசனையைத் திருடிட்டியே."

"திருடலைங்க. நீங்க போட்டு வெச்சிருந்தீங்க, நான் கொண்டுபோய்க் குடுத்தேன்."

"நான்தான் சனிக்கிழமை போறேன்னு சொன்னேனே."

"நாலாவது மாடியில ஒரு பிள்ளைத்தாச்சிப் பொண்ணு ரெண்டு மாசமா வாளியைத் தூக்கிக்கிட்டுப் படி ஏறுது. செக்ரட்டரி வீட்டு சிங்க்கைப் பாக்கப் போனப்ப என் கண்ணால பாத்தேன். உங்களுக்குப் பக்கம் முடியற வரைக்கும் அது ஏறணுமா?"

அவளே குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள்.

"உண்மையைச் சொல்லுங்க. போய் நின்னு, தண்ணி வரலைன்னா என்ன பண்றதுன்னு பயந்தீங்கதானே?"

ஒன்றேகால் கிலோவில் இந்த ஒரு வரி எந்தப் பக்கத்திலும் இல்லை.

"சரி விடுங்க. ஒரு ஆளால அவ்வளவு பெரிய கட்டடத்தைப் பாக்க முடியாது, ஹெல்பர் ஒருத்தரு வேணும்னு சொல்லியிருக்கேன். நானே பாத்து வெச்சுக்கலாம்னு சொல்லிட்டாங்க. வர்றீங்களா? திங்கக்கிழமை காலையில எட்டு மணி. மேஸ்திரி உங்க பள்ளத்துல வேற ஆளை இறக்கிட்டாராம், போன் பண்ணினாரு."

முப்பத்தோரு வருஷம் தொழில் பார்த்தவன், சொந்தச் சம்சாரத்துக்குக் கையாளாகப் போவதா? சட்டென்று பதில் சொல்கிற விஷயமா இது? "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

"யோசிங்க. எட்டு மணிக்கு மேல யோசிக்காதீங்க."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து நோட்டில் ரெண்டு பத்தி எழுதினேன். இந்தப் பக்கம் சாதகம், அந்தப் பக்கம் பாதகம். மானம் பாதகத்தில் வந்தது. ஃபேன் போட்ட அறை சாதகத்தில் வந்தது. திங்கட்கிழமை காலையில் இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தேன், சாதகம் ரெண்டு அதிகம். போய்விடுவது என்று தீர்மானமாக முடிவெடுத்துச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது மணி எட்டுப் பத்து.

ரோட்டுக்கு நடுவில் என் சம்சாரம் போய்க்கொண்டிருந்தாள். பின்னால் என் பைப் ரென்ச்சும் பையுமாக இஸ்திரிக்காரத் தங்கச்சி. திரும்பி என்னைப் பார்த்ததும் தங்கச்சி நின்றாள்.

"அண்ணே, வீட்டுல சும்மாத்தானே இருக்கப் போறீங்க? பெட்டி சூடா இருக்கு, எங்க மேசை மேல கிடக்கற ஏழு சட்டையைத் தேய்ச்சு வெச்சிடுங்க."