தறி ஷெட்டில் ஒலியும் ஒளியும்

ஆந்திர எல்லை ஊரான நகரியில் தணிகாசலம் வீட்டுக்குப் பின்னால் ஒரு தறி ஷெட் இருக்கிறது. தறிகளை விற்றாகிவிட்டது. இப்போது ஷெட் நிறையப் பழைய சாமான். தாம் இருக்கிறவரை அதிலிருந்து ஓர் ஆணிகூட வெளியே போகாது என்று பொங்கலன்று அவர் சாமி படத்தின் முன் நின்று சொன்னார்.

சாமிக்குச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற மனைவி தேவசேனாவுக்குச் சொன்னார். அந்த ஷெட்டில் ஆறு தையல் மிஷின் போட்டு, தெருப் பெண்களோடு சேர்ந்து ரவிக்கை தைக்க வேண்டும் என்பது அவள் ஆசை.

“ஒடிஞ்ச ஃபேன் றெக்கையை வெச்சிக்கினு இன்னாங்க பண்ணப் போறீங்க?”

“ஒரு நாளைக்கு ஆவும்.”

“எந்த நாளைக்கு?”

“வரும்போது உனக்கே தெரியும்.”

தேவசேனா அதற்குமேல் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டாள் என்று எடுத்துக்கொள்வது தணிகாசலத்தின் வழக்கம். கல்யாணமாகி முப்பத்தாறு வருடம் ஆகியும் அந்த வழக்கம் போகவில்லை.

மாசியில் ஒரு கல்யாணத்துக்குத் திருப்பதி போனார்கள். மண்டபத்துக்கு எதிரே ஒரு கட்டடத்தில் ‘ஒலி ஒளிக் கலைக்காட்சி’ என்று எழுதியிருந்தது. இலவசம் என்றும் எழுதியிருந்தபடியால் தணிகாசலம் தேவசேனாவோடு உள்ளே போனார். இருட்டான கூடம். விளக்குகள் தொங்கின. ஆள் கிட்டே போனால் ஒன்று மெல்ல எரிந்தது. கூடவே எங்கிருந்தோ மழைச் சத்தம், கதவு திறக்கிற சத்தம், யாரோ கனைக்கிற சத்தம்.

வெளியே வரும்போது வாசலில் ஒரு அம்மாள், “உள்ள பார்த்தீங்க இல்ல, பதிலுக்கு நீங்களும் வீட்ல ஒண்ணு செஞ்சு பாருங்க” என்றாள். எல்லோருக்கும்தான் சொன்னாள். தமக்கு மட்டும் சொன்னதாகத் தணிகாசலம் எடுத்துக்கொண்டார்.

பஸ் புத்தூர் தாண்டுவதற்குள் முடிவு செய்துவிட்டார்.

“இதைவிட நல்லா நான் பண்ணுவேன்.”

“பண்ணுவீங்க. ஆனா முடியாது.”

“ஏன் முடியாது?”

“அவங்க கூடம் துடைச்சி வெச்சாப்பல இருந்துச்சு. கலைக்குக் காலி இடம் வேணுங்க. நம்மகிட்ட ஏது?” என்று தேவசேனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாளே அவர் ஷெட்டைத் திறந்தார். திறந்தாரே தவிர எதையும் தூக்கிப்போட மனசு வரவில்லை. தேவசேனாதான் வழி சொன்னாள். நல்ல சத்தம் கொடுக்கிற சாமான் இருக்கட்டும், கொடுக்காதது போகட்டும். கையில் ஒரு கரண்டியோடு வந்து கிரைண்டர் கல்லைத் தட்டினாள்.

“தொண்டை கட்டின மாதிரி இருக்குது” என்றார் தணிகாசலம்.

“போவட்டுமா?”

“போவட்டும்.”

தகர டிரம்மைத் தட்டினாள்.

“இது கத்துது. பாடல.”

ஃபேன் றெக்கையைத் தட்டினாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். “பரவால்ல. ஆனா நம்ம கச்சேரிக்குப் பத்தாது.”

மூன்று நாள் இந்தப் பரீட்சை நடந்தது. பழைய இரும்புக்காரன் வண்டி ஐந்து நடை போனது. தேறியவை ஒரு சைக்கிள் ரிம், ஒரு பித்தளைக் குண்டான், தறியில் நூலோடு ஓடுகிற ஷட்டில் கட்டை இரண்டு, அவ்வளவே. தணிகாசலத்துக்கு வருத்தமில்லை. தம் காது இவ்வளவு கறாரானது என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

சுண்ணாம்பு அடித்தார். ஒயரிங்கும் அவரே. தேவசேனா ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆறு லைட் போதுங்க. இன்னும் கொஞ்சம் தாழ்வா.”

“திருப்பதியில உயரமா இருந்துச்சே.”

“அங்க நின்னுக்கினு பார்த்தாங்க. நம்மது உக்காந்து பார்க்கற கலை.”

உக்காந்து பார்க்கிற கலை. அவர் அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். பிடித்திருந்தது.

“ஒவ்வொரு லைட்டாண்டயும் ஒரு பிளக் பாயிண்டு வெச்சிடுங்க.”

“அது எதுக்கு?”

“ஷோவுக்கு ஷோ புதுசா எதனா சேர்ப்பீங்க. உங்க மூளை சும்மா இருக்குமா?”

இருக்காதுதான். வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருவே வந்து தரையில் உட்கார்ந்தது. தணிகாசலம் ஒரு திரைக்குப் பின்னால் சுவிட்சுகளோடும் தேறிய சாமான்களோடும் இருந்தார். ஒரு விளக்கு எரிந்தது, ரிம் அதிர்ந்தது. இன்னொன்று எரிந்தது, குண்டான் முனகியது. கடைசியில் ஆறும் ஒன்றாக எரிய, ஷட்டில் கட்டைகள் தடதடவென்று தறி ஓடுகிற அதே கதியில் பேசின. தறிக்காரர்கள் தெரு அது. முடிந்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை.

“அண்ணா, சால பாகுந்தி” என்றார் எதிர்வீட்டு பாஸ்கர். சந்தோஷம் அதிகமானால் அவருக்குத் தெலுங்கு வந்துவிடும். “திருப்பதிக்காரங்க உன்கிட்ட வந்து கத்துக்கணும்.”

“மெய்யாலுமே நல்லா இருந்துச்சுங்க” என்றாள் தேவசேனா. அதில் பொய்யே இல்லை. தணிகாசலம் அன்றைக்கு மார்பை நிமிர்த்திக்கொண்டே சாப்பிட்டார்.

மறுநாள் காலை ஷெட்டில் சத்தம் கேட்டது. நம் கலை தானாகவே நடக்க ஆரம்பித்துவிட்டதோ என்று ஓடிப்போய்ப் பார்த்தார். ஆறு விளக்கும் எரிந்தன. ஒவ்வொன்றின் கீழும் ஒரு தையல் மிஷின். மிஷினுக்கு ஒரு பெண். ஒயர்கள் அளவெடுத்தாற்போல் பிளக்கில் போய் உட்கார்ந்திருந்தன.

“இன்னா இது?”

தேவசேனா மிஷினை நிறுத்தாமலே சொன்னாள். “பார்த்தவங்க பதிலுக்கு ஒண்ணு செய்யணும்னு அந்தம்மா சொல்லிச்சு இல்ல? நேத்து உங்க ஷோவை நாங்க பார்த்தோம். இது எங்க பதிலு.”

தணிகாசலம் குடும்பத் தலைவர் என்ற முறையில் தொண்டையைச் செருமினார். பெரிதாக ஒன்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் பாஸ்கரின் மகள் ஷோபா கடைக்கோடி மிஷினிலிருந்து தலை நிமிர்ந்தாள்.

“பெரீப்பா, எல்லா லைட்டும் சூப்பர். இது ஒண்ணுலதான் ஊசிமேல நிழல் விழுது.”

அவர் முகம் சிவந்தது. அவர் போட்ட விளக்கிலா நிழல்?

“எந்தப் பக்கம்மா?” என்று கேட்டு, ஏணியைத் தேடப் போனார்.