நான் கொடுத்த அரை ஞானஸ்நானம்

என் வாழ்நாளில் ஒரே ஒருவருக்குத்தான் நான் ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறேன். நான் போதகர் இல்லை. போடி பஜாரில் மோட்டார் பம்ப் விற்கிறவன். அதையும் முழுசாகக் கொடுத்தேனா என்று தெரியாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சபை முழுவதும் கேட்க மைக்கில் திணறினேன்.

எங்கள் சபையில் கைக்குழந்தைக்கே ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள். அப்பா அங்கே கமிட்டிச் செயலாளர். என் மனைவி எஸ்தரின் ஊர் ஓடைப்பட்டி. மாமனாருக்கு அங்கே திராட்சைத் தோட்டம். அவர் போகும் சபையில், புத்தி தெரிந்து தானாக விசுவாசித்து வருகிறவர்களை மட்டும்தான் தண்ணீரில் முழுக்கி எடுப்பார்கள். கல்யாணப் பேச்சில் யாரோ இந்த விஷயத்தைக் கிளப்ப, "பிள்ளை பிறக்கட்டும், பாத்துக்கிடலாம்" என்று இரண்டு தரப்பும் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள்.

பிள்ளை பிறந்தது. ஒரு மாதம் முந்திக்கொண்டு.

தேனியில் ஓர் ஆஸ்பத்திரியில் மகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் காலை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மூச்சு சரியாக வரவில்லை, சாயங்காலம் வரை எதுவும் சொல்ல முடியாது என்றார். நான் நேராக எஸ்தரிடம் போய், "நல்லாருக்காளாம்" என்றேன். ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தவளிடம் வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மத்தியானம் பெட்டியருகே நின்று கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தேன். அங்கே இருந்த நர்ஸ் குமுளிப் பக்கத்து மலையாளி, கத்தோலிக்கர். மெல்லக் கேட்டார்.

"குஞ்ஞுக்கு மாமோதீஸா கொடுத்தாச்சா சாரே?"

"என்னது?"

"ஞானஸ்நானம். ஆபத்துல யாரு வேணும்னாலும் கொடுக்கலாம். தண்ணி வேணும், மூணு நாமமும் சொல்லணும். அவ்வளவுதான்."

காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஒரு பஞ்சை நனைத்து என் கையில் கொடுத்தார். அதற்குள் அடுத்த பெட்டியில் மெஷின் கத்த, அங்கே ஓடிவிட்டார். நான் பெட்டியின் ஓட்டைக்குள் கையை விட்டேன். ஒவ்வொரு பண்டிகைக்கும் யாராவது ஒரு பிள்ளைக்குச் சொல்லிக் கேட்ட வார்த்தைகள்தான். (கடையில் நாற்பது பம்ப்பின் விலையை மனப்பாடமாக ஒப்பிக்கிறவன் நான்.) பெயரைச் சொல்லி, "பிதா" என்று நெற்றியில் ஒற்றினேன். "குமாரன்" என்று ஒற்றினேன். அப்போது மகள் ஒற்றைக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அதற்குமுன் அவள் கண் திறந்து நான் பார்த்ததில்லை. அதன்பிறகு அழுதது மட்டும்தான் ஞாபகம். மூன்றாவதான பரிசுத்த ஆவியின் பெயரைச் சொன்னேனா என்பது இன்றுவரை தெரியாது.

சாயங்காலம் மூச்சு சீரானது. நடந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மகள் ரூத் தேறி வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆனதும் பழைய பேச்சு தொடங்கியது.

"தடுப்பூசி போடுறப்ப பிள்ளைகிட்டக் கேட்டுட்டா போடுறோம்?" என்றார் அப்பா. "தேவன் முதல்ல கையை நீட்டுறாரு. பிள்ளை வளந்து அந்தக் கையைப் பிடிச்சுக்கிடும்."

மாமனார் போனில் பேசினார். "பாவம்னா என்னன்னு தெரியாத பிள்ளைக்கு மனந்திரும்புதல் எங்கன இருந்து வரும் மாப்ள? முதல்ல விசுவாசம், அப்பறந்தான் தண்ணி. இப்பவே ஊத்திவிட்டா, பெரியவளானப்ப எனக்குத்தான் ஆயிருச்சேன்னு சும்மா உக்காந்துருவா."

இரண்டு பேரும் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது. என் கோளாறே அதுதான். அப்பாவிடம் ஞானஸ்நானத்துக்குத் தேதி குறிக்கச் சொன்னேன். மாமனாரிடம், "சும்மா பிள்ளையக் கொண்டுபோயி ஜெபம் பண்ணி ஆசீர்வாதம் வாங்குறதுதான் மாமா" என்றேன். அவர் சபையிலும் பிறந்த பிள்ளைக்கு அப்படிச் செய்வது உண்டு, பிரதிஷ்டை என்பார்கள். அதனால் அவருக்குச் சந்தோஷம்.

எஸ்தர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். "எங்கப்பாவுக்குத் தெரிஞ்சு நடக்கணும். சொல்லிட்டீகளா?"

"சொல்லிட்டேன்."

அந்த ஞாயிறு மாமனார் இரண்டு பெட்டி திராட்சையோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். சற்று நேரம் முன்னால் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் சாய்ந்தார்.

"மாப்ள, அந்தக் கல்தொட்டியில தண்ணி எதுக்கு?"

"போதகர் ஐயா கை கழுவுறதுக்கு மாமா."

(இதைவிடக் கேவலமான பதில் இருந்தால் எழுதி அனுப்பலாம்.)

எங்களை முன்னால் அழைத்தார்கள். போதகர் புத்தகத்தைத் திறந்து முறைப்படி கேட்டார். "இந்தப் பிள்ளை ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றதுண்டா, இல்லையா?" வழக்கமாக எல்லோரும் "இல்லை" என்பார்கள், அடுத்த வரிக்குப் போய்விடுவார். அப்பாவும் பின்னாலிருந்து "இல்லை" என்றார். போதகர் மைக்கை என்னிடம் நீட்டினார்.

"ஆமா" என்றேன். பிறகு, "இல்ல." பிறகு, "தெரியல ஐயா."

போதகர் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"யார் கொடுத்தது தம்பி?"

"நான்தான்."

"எதுக்காக?"

"பஞ்சால ஐயா." பதற்றத்தில் எனக்குக் கேள்வியே வேறாகக் கேட்டது.

மாமனார் எழுந்து நின்றார். "ஞானஸ்நானமா? பிரதிஷ்டைன்னுல்ல சொன்னீக?"

அப்பா அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எஸ்தர் மட்டும் வேறு எதையோ கணக்குப் போட்டாள்.

"எப்பக் கொடுத்தீக?"

"மூணாம் நாள் மத்தியானம். சாயங்காலம் வரை ஒண்ணும் சொல்ல முடியாதுன்னாரு டாக்டர்."

"நல்லாருக்காளாம்னு சொன்னீக."

எஸ்தர் ரூத்தை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். அவள் அழுதது மைக்கில் கேட்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு கூசி நின்றதில்லை. பொய் சொன்னதைவிட, அந்தப் பயத்தை அவளுக்குத் தெரியாமல் தனியாக வைத்துக்கொண்டதுதான் அவளைச் சுட்டது என்று பிறகு சொன்னாள்.

மாமனார் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அம்புட்டு மோசமாவா இருந்துச்சு" என்றார், யாரிடமும் இல்லாமல்.

போதகர் மைக்கை அணைத்துவிட்டு விசாரித்தார். ஆபத்தில் யாரும் கொடுக்கலாம், எங்கள் முறையிலும் அது செல்லும் என்றார். ஒரு தடவை கொடுத்தால் மறுபடி கொடுக்கக் கூடாது. "மூணு நாமமும் சொன்னீங்களா?"

"ரெண்டு வரை உறுதியாத் தெரியும் ஐயா."

அவர் எஸ்தரிடம் திரும்பினார். "என்னம்மா செய்யலாம்?"

எஸ்தர் தன் அப்பாவைப் பார்த்தாள். அவர், "எனக்கு இதுல சம்மதம் இல்ல. ஆனா பெத்தவக நீங்க. நான் எந்திரிச்சுப் போகமாட்டேன்" என்றார். எஸ்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாதியில நிக்க வேணாம் ஐயா" என்றாள்.

போதகர் புத்தகத்தின் கடைசியில் ஒட்டிக்கிடந்த இரண்டு தாள்களை நகத்தால் பிரித்தார். சந்தேகம் உள்ள இடத்தில் சொல்வதற்கென்றே ஒரு வாக்கியம் அங்கே இருந்தது. அவரும் அதை முதல் தடவையாக அன்றுதான் வாசித்தாராம். "ரூத், நீ முன்னமே ஞானஸ்நானம் பெற்றிராவிட்டால், நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்." மூன்று கை தண்ணீர். மூன்று நாமம். ரூத் கத்திய கத்தலில் பாடகர் குழு வேறு ராகத்துக்குப் போய்விட்டது.

சாப்பாட்டுப் பந்தியில் அப்பாவும் மாமனாரும் எதிரெதிராக உட்கார்ந்தார்கள்.

"எப்படியோ முடிஞ்சிருச்சு" என்றார் அப்பா.

"உங்க புத்தகமே பெற்றிராவிட்டால்னு இழுக்குது சம்பந்தி. எங்க முழுக்குல இந்தச் சந்தேகமே வராது. நனஞ்ச ஆளையே கேட்டுக்கிடலாம்" என்று மாமனார் பிரியாணியைப் பிசைந்தார். 

அடுத்த தடுப்பூசிக்குத் தேனி ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்தக் குமுளி நர்ஸிடம் விஷயத்தைச் சொன்னேன். "ஆவின்னு சொன்னது என் காதுல கேட்டுச்சு சாரே. முதல்ல கொடுத்ததே மதி, அதுவே போதும்" என்றார். அவர் என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரா, உண்மையிலேயே கேட்டாரா என்று தெரியவில்லை. அப்பா இதை ஏற்கவில்லை. மாமனார் இரண்டையுமே ஏற்கவில்லை.

போதகரின் அந்த ஒரு வாக்கியம் வீட்டோடு தங்கிவிட்டது. கடையைப் பூட்டிவிட்டு வந்தால் எஸ்தர், "முன்னமே கேஸ் புக் பண்ணியிராவிட்டால் இப்பப் பண்ணுங்க" என்பாள். எதைக் கேட்டாலும் நான் ஆமா, இல்ல, தெரியல என்று மூன்று பதிலையும் சொல்வேன் என்று உறவுக்காரர்கள் நடித்தே காட்டுவார்கள்.

ரூத் இப்போது பிளஸ் டூ. போன மாதம் மாமனார் வந்திருந்தார். "ஆத்தா, நீயா ஒரு தீர்மானம் எடுத்து எப்ப முழுக்கு எடுக்கப் போற?" என்றார்.

"முன்னமே தீர்மானம் எடுத்திராவிட்டால் எடுக்கிறேன் தாத்தா" என்றாள்.

மாமனார் சிரித்தார். பக்கத்தில் இருந்த அப்பாவும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு, அவள் எடுத்துவிட்டாளா, இன்னும் இல்லையா என்று இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.