எங்கள் தெருத் தண்ணீர் தேறிய விவரம்

தண்ணீர்ச் சோதனைச்சாலையில் பெரிய உத்தியோகம் பார்க்கும் கொழுந்தனாருக்கு, அண்ணி எழுதிக்கொள்வது. இங்கே வயிறு தவிர மற்றதெல்லாம் நலம். உங்கள் தொப்பையின் நலமறிய ஆவல்.

தம்பி, ஒன்று சொல்வேன், சிரிக்கக் கூடாது. சோதனைக்கு எங்கள் தெருக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து அனுப்பச் சொல்லி பாட்டில் கொடுத்தீர்களே, அதில் நான் அனுப்பியது கொதிக்க வைத்து, ஆற வைத்து, புதுத் துணியில் இரண்டு தரம் வடிகட்டிய தண்ணீர். பின்னே, நாலு படித்தவர்கள் பார்க்கிற இடத்துக்கு, அதுவும் கொழுந்தனார் வேலை பார்க்கிற இடத்துக்கு, அந்தக் கலங்கலையா ஒருத்தி கொடுத்தனுப்புவாள்? மானம் போகாதா?

இப்போது உங்கள் ஆபீஸ் பதில் போட்டிருக்கிறது. தண்ணீர் அருமையாம், ஆகையால் எங்களுக்குச் சுத்திகரிப்பு மெஷின் தேவையில்லையாம், வேறு தெருவுக்குக் கொடுக்கப் போகிறார்களாம். பக்கத்து வீட்டுத் தையல்காரி கைக்குழந்தையோடு வந்து நின்றாள். அதற்கு இந்த மாதமும் வயிற்றுப்போக்கு. "ஏக்கா, பரீட்சை எழுதப் புள்ளைய அனுப்பச் சொன்னா வாத்தியாரையே அனுப்பிட்டியே!" என்றாள். "என் கைப்பக்குவம் அப்படிடீ" என்றேன். அவள் சிரிக்கவில்லை. குழந்தை முகத்தைப் பார்த்ததும் எனக்கும் சிரிப்பு வரவில்லை.

அவள் நேரே உங்கள் ஆபீஸுக்குப் போய்ச் சத்தம் போட்டதில் இன்றைக்கு ஆள் வந்தார். அவரே குழாயில் ஒரு பாட்டில் பிடித்து, மூடியை இறுக்கி, சீட்டு ஒட்டி, எங்கள் மேசையில் வைத்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போயிருக்கிறார். போகிற வழியில் எடுத்துக்கொள்வாராம். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அடுப்பையும் பற்ற வைக்கவில்லை. இந்தத் தண்ணீர் கட்டாயம் தேறாது தம்பி, கவலையை விடுங்கள். இருக்கிற அழுக்கில் ஒன்றைக்கூட விடாமல் எழுதினால் போதும், மெஷின் நமக்குத்தான்.

தொப்பை குறைந்து சம்பளம் கூடிட வாழ்த்தும்,
அண்ணி.

பின்குறிப்பு: உங்கள் அண்ணன் வேலை முடிந்து தாகத்தோடு வந்தார். மூடி போட்டு, சீட்டு ஒட்டியிருந்ததால் கடையில் வாங்கிய தண்ணீர் என்று நினைத்தாராம். லேசாக நிறமிருந்ததால் விலை கூடின சரக்கு என்றும் நினைத்தாராம். "காசு குடுத்து வாங்கினா தனி ருசிதான்" என்றார். ஆபீஸ்காரர் வாசலில் செருப்பைக் கழற்றுகிறார். பாட்டில் காலி.